நங்கநல்லூரில் ஒரு பயனியர் எஸ்எக்ஸ்-780: 32,000 கொடுக்கலாமா?

சிங்காநல்லூர் வாசி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா சேர்த்து வைத்த எல்.பி. தட்டுகள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. டர்ன்டேபிளைச் சரிசெய்தாகிவிட்டது. அதை மாட்ட ஃபோனோ இன்புட் உள்ள ஆம்ப்தான் இல்லை. சென்னை நங்கநல்லூரில் ஒரு பெரியவர் பயனியர் எஸ்எக்ஸ்-780 ரிசீவர் (ஆம்பும் ரேடியோவும் ஒரே பெட்டியில்) விற்கிறார். சவூதியில் வேலை பார்த்தபோது 1980 வாக்கில் வாங்கி வந்தாராம். 32,000 சொல்கிறார்.

போட்டோவில் பார்த்த வரைக்கும் மரப்பெட்டி நன்றாக இருக்கிறது. பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் தெரிகிறது. டயல் விளக்கு எரிகிறது, ஒரு மீட்டரில் மட்டும் வெளிச்சம் இல்லை. வால்யூம் திருப்பினால் கரகரவென்று சத்தம் வருமாம். "சில நேரம் இடது பக்கம் வராது தம்பி, கொஞ்சம் சவுண்ட் கூட்டினா வந்துடும்" என்று அவரே சொன்னார். ஒளிக்காமல் சொன்னதால் அவர் மேல் நம்பிக்கை வந்தது. விலைதான் யோசிக்க வைக்கிறது. எல்லாம் சேர்த்து 35,000க்கு மேல் என்னால் முடியாது. நேரில் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

அடையாறு ஆலமரம்:

என் கருத்து, வேண்டாம். 45 வருடப் பழசு. அந்தக் காசுக்கு ஃபோனோ இன்புட்டோடு புது ஆம்ப் வாரண்டியுடன் கிடைக்கும். 45 வாட்ஸுக்கு 32,000 ரொம்ப அதிகம்.

மதுரை பட்டறை:

தம்பி, வாட்ஸை வைத்து மட்டும் இதை எடை போடாதீங்க. 1974 கடைசியில் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. அதற்குப் பிறகு விளம்பரத்தில் போடுகிற வாட்ஸ், இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸாக இருக்க வேண்டும். 780க்கு எழுதியிருக்கும் 45 அப்படிப்பட்ட 45, ஒரு பக்கத்துக்கு. தொண்ணூறுகளில் நம் ஊர் டூ-இன்-ஒன் பெட்டிகளில் ஒட்டியிருந்த 1000 வாட்ஸ் பிஎம்பிஓவோடு (கண நேர உச்சத்தை ஊதிக் காட்டும் கணக்கு) இதை ஒப்பிடவே முடியாது. வீட்டு ஹாலுக்கு இது தாராளம்.

ஆனால் இந்த மாடலில் ஒரு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். இதன் அவுட்புட்டில் தனித்தனி டிரான்சிஸ்டர் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக எஸ்டிகே-0050 என்ற சான்யோ பேக், அதாவது டிரான்சிஸ்டர்களை உள்ளே அடைத்த ஒரே துண்டு, உட்கார்ந்திருக்கும். அதன் தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகிறது. இப்போது அந்தப் பெயரில் வருவதில் போலி அதிகம். மாரண்ட்ஸ் 2270 மாதிரி செட்டில் டிரான்சிஸ்டர் போனால் அதற்கு ஈடானதைப் போட்டு ஓட்டிவிடலாம், இதில் அது நடக்காது. அதனால் நீங்கள் விலை கொடுப்பது அந்த இரண்டு பேக்குக்குத்தான். அவை உயிரோடு இருந்தால் மற்றதெல்லாம் சில்லறை வேலை.

அதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து செட்டை ஆன் செய்யுங்க. சில விநாடியில் உள்ளே "டக்" என்று ரிலே, அதாவது ஸ்பீக்கரை இணைத்துவிடும் காப்பு சுவிட்ச், பிடிக்க வேண்டும். பிடிக்கவே இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம், அவுட்புட்டில் ஸ்பீக்கரைக் கெடுக்கும் டிசி வருகிறது என்று அர்த்தமாக இருக்கும். பிடித்தால் மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் டெர்மினலின் சிவப்பிலும் கறுப்பிலும் தொட்டுப் பாருங்க, இரண்டு பக்கமும். 50க்குள் இருந்தால் நல்லது. 100ஐத் தாண்டினால் விலையைக் குறைக்கக் காரணம் கிடைத்துவிட்டது. கால் மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்க, சூடான பிறகு ஏறுகிறதா என்று.

அவர் சொன்ன இடது பக்கக் கோளாறு எனக்குக் கவலை தரவில்லை. மெதுவாக வைத்தால் போய்விடும், சத்தம் கூட்டினால் திரும்பி வரும் என்றால் பெரும்பாலும் ரிலே முனை கறுத்திருக்கும். சின்ன சிக்னல் அந்தக் கரியைத் தாண்டாது, பெரியது தள்ளிக்கொண்டு வந்துவிடும். எதற்கும் டேப் மானிட்டர், ஸ்பீக்கர் ஏ/பி சுவிட்சுகளை நன்றாக முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. அதிலேயே சரியானாலும் ஆகும். வால்யூம் கரகரப்பு காண்டாக்ட் கிளீனரில் போய்விடும்.

பின்னால் சுவிட்ச் இருப்பது பெரிய லாபம். அமெரிக்க 120 வோல்ட் செட் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தனிச் செலவு. அந்த சுவிட்ச் 220 அல்லது 240ல் நிற்கிறதா என்று பிளக் சொருகுவதற்கு முன்னால் பாருங்க.

எஃப்எம்மில் சூரியன் 93.5, மிர்ச்சி 98.3 இரண்டும் ஸ்டீரியோ விளக்கோடு வர வேண்டும். ஃபோனோவில் ஒரு கேபிளைச் சொருகி, மறுமுனைப் பின்னை விரலால் தொட்டால் கும்மென்று ஹம் வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வருகிறதா பாருங்க. வால்யூம் கம்மியாக இருக்கட்டும்.

இன்னொன்று. யாராவது "ஃபுல் சர்வீஸ் பண்ணியாச்சு" என்று சொன்னால் நான் சந்தோஷப்பட மாட்டேன். என்ன கன்டென்சர் போட்டார்கள், எங்கே சாலிடர் இழுத்தார்கள் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். கை படாத செட்டாக இருந்தால் அதற்கு நான் கூடுதலாகவே கொடுப்பேன். மீட்டர் சரியாகக் காட்டினால் 22லிருந்து 25 வரை போங்க. 32 வேண்டாம்.

சிங்காநல்லூர் வாசி:

ஐயா, போய்ப் பார்த்துவிட்டேன். ரிலே பிடித்தது. வலது 11, இடது 18 மில்லிவோல்ட். சூடான பிறகும் பெரிதாக மாறவில்லை. சுவிட்ச் 220ல் இருந்தது, 240க்கு மாற்றினோம். எஃப்எம் அருமை. டேப் மானிட்டரை ஆட்டியும் இடது பக்கம் மெதுவான சத்தத்தில் வந்து வந்து போனது. மூடி ஸ்க்ரூவில் கீறலே இல்லை, உள்ளே தூசி அப்படியே படிந்திருந்தது.

ரிலே, பல்பு இரண்டையும் சொல்லிப் பேசினேன். 24,000க்கு ஒத்துக்கொண்டார். முன்பணம் கொடுத்தாச்சு. பார்சலில் அனுப்பச் சொல்லலாமா? ரிலேயை நானே சுத்தம் செய்யலாமா?

அடையாறு ஆலமரம்:

18 மில்லிவோல்ட் என்றால் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நல்ல விலை. வாழ்த்துகள்.

மதுரை பட்டறை:

நல்ல செட் தம்பி. பார்சல் வேண்டவே வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் கனம் ஒரே பக்கம். கீழே போட்டால் சேசிஸ் வளையும், முன்பக்க கிளாஸும் போகும். காரில் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டு வாங்க.

ரிலேயை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. முனையில் இருக்கிற பூச்சு போய்விட்டால் கொஞ்ச நாளில் மறுபடி கறுக்கும். புதுசு போடுவதே சரி. காயில் வோல்டேஜ் பழைய ரிலே மேலேயே அச்சடித்திருக்கும், கால் அமைப்பையும் பார்த்து வாங்குங்க. பல்பும் அப்படித்தான், கழற்றியதில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பாருங்க. எல்ஈடி போட்டால் அந்த மஞ்சள் வெளிச்சம் வராது.

முதல் தடவை வீட்டில் போடும்போது செட்டுக்குக் கரண்ட் போகும் வழியில் 100 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸில் கொடுத்துப் போடுங்க. பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். மங்காமல் அப்படியே நின்றால் உடனே ஆஃப் செய்துவிட்டு எனக்கு எழுதுங்க.