எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றா?

கேள்வி – பி.எட். மாணவி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வகுப்பில் கைமாறும் கல்வி உளவியல் குறிப்பேடு ஒன்றில், பிள்ளையைத் திட்டுவதும் முட்டி போட வைப்பதும் எதிர்மறை வலுவூட்டலுக்கு எடுத்துக்காட்டுகளாகத் தரப்பட்டுள்ளன. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் எலிச் சோதனையோடு இது பொருந்தவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி – ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

உங்கள் ஐயம் சரியானது, அம்மா, குறிப்பேடுதான் தவறு. வலுவூட்டல் எந்த வகையானாலும் ஒரு நடத்தை மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டும். தண்டனை அதைக் குறைக்கும். நேர்மறை, எதிர்மறை என்பவை நல்லது, கெட்டது என்ற பொருளில் வருவன அல்ல. நடத்தையை அடுத்து ஒன்று வந்து சேர்கிறதா, இருந்த ஒன்று விலகுகிறதா என்பதையே அவை சுட்டுகின்றன. கம்பித் தளத்தில் மின்சாரம் பாயும்போது துடித்து அலையும் எலி தற்செயலாக நெம்புகோலை அழுத்த, மின்சாரம் நின்றுவிடுகிறது. சில முறை இவ்வாறு நிகழ்ந்தபின், மின்சாரம் பாய்ந்த உடனேயே அது நெம்புகோலை நோக்கி ஓடுகிறது. வலி விலகியதால் அழுத்தும் நடத்தை பெருகியது. இதுவே எதிர்மறை வலுவூட்டல். அழுத்தியதால் மின்சாரம் பாய்ந்து, எலி அழுத்துவதையே விட்டுவிட்டால் அது தண்டனை. ஸ்கின்னரே 1938-இல் வெளியிட்ட நூலில் ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்ற சொல்லைத் தண்டனை என்ற பொருளில்தான் ஆண்டார். இன்றைய வரையறையை அவருடைய 1953-ஆம் ஆண்டு நூலில் காணலாம். பழைய குழப்பம் நீடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுமொழி – அரசுப் பள்ளி ஆசிரியர்

ஐயா கூறியதோடு வகுப்பறைச் சான்று ஒன்றையும் சேர்க்கிறேன். கணக்குகளை வகுப்பிலேயே சரியாக முடித்தவர்களுக்கு வீட்டுப்பாடம் கிடையாது என்று அறிவித்து, அதனால் பிள்ளைகள் வகுப்பில் கூடுதலாகக் கணக்குப் போட்டால், அது எதிர்மறை வலுவூட்டல். ஆசிரியர் கத்தியதும் வகுப்பு அடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பேச்சு குறைந்தால் அவர்களுக்கு அது தண்டனை. இரைச்சல் நின்ற நிம்மதி ஆசிரியரின் கத்தும் பழக்கத்தை வளர்த்தால், அவருக்கு அதுவே எதிர்மறை வலுவூட்டல். இதை ஆசிரியராக வரவிருக்கும் ஒவ்வொருவரும் கட்டாயம் உணர வேண்டும். முட்டி போட வைப்பதைப் பொறுத்தவரை, உடல் சார்ந்த தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது.

மறுமொழி – மனநல ஆலோசகர்

அச்சம் ஏன் தணியாமல் நீடிக்கிறது என்பதை விளக்கவும் இவ்வரையறை தேவைப்படுகிறது. மேடையேற அஞ்சும் மாணவர் தலைவலி என்று சொல்லி விலகிக்கொண்டால், அந்நொடியில் பதற்றம் தணிகிறது. அந்தத் தணிவே அடுத்த முறையும் விலகத் தூண்டுகிறது. அச்சம் உருவாவதையும் விலகல் நிலைப்பதையும் இரு தனிப் படிகளாகப் பிரித்து 1947-இல் உளவியலாளர் மௌரர் விளக்கினார். அஞ்சும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்யும் சிகிச்சை, விலகுவதால் கிடைக்கும் அந்த நிம்மதியைத்தான் நிறுத்துகிறது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால், முட்டி போட வைத்ததற்கு அஞ்சிப் பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளையிடம், மட்டம் போடும் நடத்தையை வளர்ப்பது எதிர்மறை வலுவூட்டல் என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

தாராளமாக எழுதலாம், அம்மா. எந்த நடத்தை கூடியது, எது விலகியது என்ற இரண்டையும் விடையில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.