எஸ்டீமில் டர்போ வைத்த அனுபவம்: நெல்லை வெயிலில் என்ன ஆகிறது?

பாளையங்கோட்டை உறுப்பினர்:

சாதா பெட்ரோல் இன்ஜினில் டர்போ (எக்ஸாஸ்ட் புகையில் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) வைக்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது "எந்த டர்போ வாங்கலாம்?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. காற்றை உள்ளே தள்ளுவது சுலபம். தள்ளிய காற்றுக்குத் தக்கபடி பெட்ரோல் கொடுப்பதும், ஸ்பார்க் வருவதற்கு முன்னாலோ பின்னாலோ அது கண்டபடி வெடிக்காமல் பார்த்துக்கொள்வதும்தான் வேலை. காசில் பெரும்பங்கு அங்கேதான் போகவேண்டும்.

வண்டி பழைய மாருதி எஸ்டீம். 1298 சிசி, 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்). புதிதாக வந்தபோது 85 குதிரைசக்தி. தச்சநல்லூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் டர்போவைப் பற்றிப் பேசவே இல்லை. நாலு பிளக்கையும் கழற்றி கம்ப்ரஷன் கேஜை (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் மீட்டர்) மாட்டினார். "நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பத்து சதவீதத்துக்குள்ள நின்னாத்தான் மேக்கொண்டு பேச்சு. இல்லன்னா ரிங்கை மாத்திட்டு வாரும் வே" என்றார். நல்லவேளை, நின்றது. அதன்பிறகு ஹெட் கேஸ்கெட், ரேடியேட்டர், டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் புதுசாக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை.

பூஸ்டை (டர்போ வெளிக்காற்றுக்கு மேல் கூட்டுகிற அழுத்தம்) 6 பிஎஸ்ஐயோடு நிறுத்திக்கொண்டோம். அதாவது சுமார் 0.4 பார். கேட்கக் கொஞ்சம்தான். ஆனால் கணக்குப்படி இன்ஜினுக்குள் போகிற காற்று 40 சதவீதம் கூடுகிறது. சூடு அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், அது வேறு. இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் ஒன்பதுக்கு மேல். பிஸ்டனும் சாதா வார்ப்புப் பிஸ்டன்தான். உள்ளே எதையும் மாற்றாமல் இதற்கு மேல் ஏற்றச் சொல்கிறவர்களை நான் நம்பமாட்டேன்.

இனி நம்ம ஊர் விஷயம். காற்றை அழுத்தினால் சூடாகும். 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 6 பிஎஸ்ஐக்கு அழுத்தி வெளியே வரும்போது 80 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் வண்ணாரப்பேட்டை சிக்னலில் நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் 35 டிகிரி எங்கே இருக்கிறது? அதனால் இன்டர்கூலர் (அழுத்திய காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. பம்பருக்குப் பின்னால், நேர்க்காற்று படுகிற இடத்தில் வைத்தோம். காற்றை உறிஞ்சும் குழாயையும் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் இழுத்து வெளிக்காற்றையே எடுக்க வைத்தோம். இன்டர்கூலருக்குப் பின்னால் ஒரு டெம்பரேச்சர் சென்சார் உண்டு. வண்டி ஓடும்போது 45, 50 என்று காட்டும். டிராஃபிக்கில் நின்றால் 60-ஐத் தாண்டும். அப்போது ஈசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) தானாகவே ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். வண்டி கொஞ்சம் மந்தமாகும். ஆகட்டும், பிஸ்டன் பிழைத்திருக்குமே.

பெட்ரோல் பக்கம் வருவோம். கம்பெனி மேப் சென்சார் (மேனிஃபோல்டில், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில், அழுத்தத்தை அளப்பது) வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்கும்தான் அளக்கும். அதற்கு மேல் பூஸ்ட் ஏறினாலும் பழைய அளவையே சொல்லிக்கொண்டிருக்கும். ஈசியுவும் அதை நம்பிப் பழைய அளவுக்கே பெட்ரோல் விடும். பல இன்ஜின் போவது இங்கேதான். நாங்கள் 3 பார் சென்சார், தனி ஈசியு, பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப் போட்டோம். 125 குதிரைசக்திக்குத் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 80 சதவீத நேரம் மட்டுமே திறந்திருக்கும் கணக்கில் ஒரு இன்ஜெக்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 சிசி தரவேண்டும். பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் பிரஷரும் அதே அளவுக்கு ஏறுகிறமாதிரி ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயை மேனிஃபோல்டில் மாட்டியிருக்கிறோமா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

இப்போது பெட்ரோல் பங்கில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்ற காற்று-எரிபொருள் விகிதம் இதற்குச் சுமார் 13.5. பழைய ஃபோட்டோகாப்பி டேபிளை வைத்துக்கொண்டு டியூன் செய்தால் குழப்பம்தான். லாம்டாவை (முழுதாக எரியத் தேவையான காற்றில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற கணக்கு; 1 என்றால் சரி, குறைந்தால் பெட்ரோல் அதிகம்) மட்டும் பாருங்கள், எரிபொருள் எதுவானாலும் அது மாறாது. முழு பூஸ்டில் எங்களுக்கு 0.80-க்கும் 0.85-க்கும் நடுவில் நிற்கிறது. பிளக்கை ஒரு படி கோல்டாக்கி (சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும் வகை), கேப்பை 0.7 மிமீக்குக் குறைத்தோம். ஸ்பார்க்கை ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஒரு டிகிரி வீதம் பின்னுக்குத் தள்ளித் தொடங்கினோம். அது தோராயக் கணக்குதான், மீதியை நாக் சத்தம் (பெட்ரோல் கண்டபடி வெடிக்கும்போது கேட்கும் தட்டல்) கேட்டு முடிவு செய்தோம்.

இதையெல்லாம் ரோட்டில் செய்யவில்லை. கோவைக்கு ஏற்றிக்கொண்டுபோய் டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் மெஷின்) வைத்தே முடித்தோம். நாங்குநேரி டோலைத் தாண்டியதும் நாலுவழிச் சாலையில் மிதித்து, மடியில் லேப்டாப் வைத்து டியூன் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நமக்கும் ஆபத்து, குறுக்கே வரும் ஆட்டுக்கும் ஆபத்து. டைனோவில் சக்கரத்துக்கு ஏறக்குறைய நூறு குதிரை வந்தது. போதும் என்று அங்கேயே நிறுத்திவிட்டோம்.

ஆயில் திரும்பும் குழாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டர்போவுக்குள் ஆயில் பிரஷரோடு போகும், ஆனால் வெளியே தன் பாரத்தில்தான் இறங்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் ஆட்களை உள்ளே விடுகிற வாசல் பெரிதாகவும் வெளியே போகிற வாசல் சிறிதாகவும் இருந்தால் என்ன ஆகும், அதேதான். குழாய் தடிமனாக, வளைவு இல்லாமல், சம்பில் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேரவேண்டும். அண்ணாச்சி சம்பைக் கழற்றி லேத்தில் கொடுத்து இதற்கென்று ஒரு மூக்கை வெல்ட் செய்ய வைத்தார். டர்போ சீல் போய்விட்டது, நீலப்புகை வருகிறது என்று வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு சீலில் கோளாறே இருக்காது, இந்தக் குழாயில்தான் இருக்கும் என்பார் அவர்.

வள்ளியூர் உறுப்பினர்:

நல்ல விவரம் அண்ணாச்சி. எங்க சித்தப்பா மகன் வண்டியில் நடந்ததையும் சொல்கிறேன். அவனும் எஸ்டீம்தான். வெளியூர்ப் பட்டறை ஒன்றில், காயலான் கடையில் கிடைத்த 1.3 டீசல் ஸ்விஃப்ட் டர்போவை மாட்டிக் கொடுத்தார்கள். விலை சல்லிசு, அளவும் பொருந்தும். ஆனால் டீசல் புகையின் சூடு 800 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், பெட்ரோலில் முழு மிதியில் 900-ஐத் தாண்டிவிடும். அந்த உலோகம் அதற்கென்று செய்தது இல்லை. டர்பைன் கூட்டில் விரிசல் விழுந்தது.

அது போகட்டும். அதைவிடப் பெரிய வினை, வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவை மீறாமல் புகையில் கொஞ்சத்தை ஒதுக்கி விடும் கதவு) ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய். சாதாக் குழாயைப் போட்டு, கிளிப்பும் போடவில்லை. எக்ஸாஸ்ட் சூட்டில் இளகிக் கழன்றுவிட்டது. வேஸ்ட்கேட் திறக்கவே இல்லை. ஆனி மாதம். காவல்கிணற்றில் நாகர்கோவில் பக்கம் திரும்பினால் முப்பந்தல் காற்று நேரே முகத்தில் அடிக்கும், உங்களுக்குத் தெரியும். வேகம் குறையாமல் இருக்க இவன் மிதித்துக்கொண்டே போனான். பூஸ்ட் கேஜும் கிடையாது, ஃபியூயல் கட்டும் (பூஸ்ட் மிஞ்சினால் பெட்ரோலை நிறுத்தும் செட்டிங்) கிடையாது. கொஞ்ச தூரத்தில் டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் பின்னால் ஒரே நீலப்புகை. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) தானாக எகிறி வெளியே நின்றது. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து கிடந்தது.

சிலிக்கான் குழாய், இரண்டு முனையிலும் கிளிப், குறிப்பிட்ட பூஸ்டைத் தாண்டினால் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ நிறுத்துகிற ஈசியு செட்டிங். இந்த மூன்றும் இல்லாமல் யாராவது வண்டியைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். பிசிவி குழாயில் (கிராங்க்கேஸின் ஆவியைத் திரும்ப இன்ஜினுக்குள் இழுக்கும் குழாய்) ஒருவழி வால்வும் வேண்டும், இல்லாவிட்டால் பூஸ்ட் நேரே கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீலை எல்லாம் தள்ளிவிடும்.

அம்பாசமுத்திரம் உறுப்பினர்:

எல்லாம் சரி. ஆர்சி புக்கைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பதிவில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அதைவிட எனக்குப் பயம் இன்ஷூரன்ஸ். விபத்து என்று சர்வேயர் வந்து பானெட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது டர்போதான். க்ளெய்ம் தராமல் இருக்க அவர்களுக்கு அதுவே போதும். எதிராளிக்குக் காயம் என்றால் உம்ம வீட்டையும் வயலையும் விற்க வேண்டி வரலாம்.

பாபநாசம் ரோட்டில் சுற்ற ஆசைப்படுகிறவர் கம்பெனியே டர்போவோடு விற்கிற ஒரு வண்டியை செகண்ட் ஹேண்டில் பார்ப்பது நல்லது. பிஸ்டன், கூலிங், ஈசியு எல்லாம் அதற்கென்றே செய்தது, பேப்பரும் சுத்தம்.

பாளையங்கோட்டை உறுப்பினர்:

அம்பை அண்ணாச்சி சொல்வது உண்மைதான், மறுக்க முடியாது. அதனால்தான் எஸ்டீமை இப்போது ரோட்டில் எடுப்பதில்லை, ரெக்கவரி வண்டியில் ஏற்றிச் கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குத்தான் போகிறது. வண்ணாரப்பேட்டை சிக்னல் கதை எல்லாம் பழசு.

வள்ளியூர்த் தம்பிக்கு: என் டர்போ, விபத்தில் நசுங்கிய ஒரு 1.2 டர்போ பெட்ரோல் வண்டியிலிருந்து கழற்றியது. தண்ணீரும் ஓடுகிற வகை. இருந்தாலும் டிராக்கிலிருந்து வெளியே வந்ததும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டுத்தான் ஆஃப் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தாங்கிக்குள் நிற்கும் ஆயில் கருகிப் பொருக்காகிவிடும். ஆயில் 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக், 5000 கிலோமீட்டர் எல்லாம் காத்திருக்காமல் மாற்றிவிடுவேன். மேனிஃபோல்டின் ஸ்டட் நட்டுகளை இன்ஜின் ஆறியபிறகு ஒவ்வொரு முறையும் டார்க் ரெஞ்சில் பார்ப்பேன், முதல் சில ஓட்டங்களில் கட்டாயம் கொஞ்சம் லூஸாகி இருக்கும்.