அண்ணனின் தனி ஆல்பத்துக்கு யார் புரொட்யூசர்? குன்னூர், கூடலூர், கொடை ஆட்கள் எல்லாரும் சொல்லுங்கள்

கேத்தி ரயிலடி

வணக்கம். விஷயம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பாண்டு கலைந்து ஒன்றரை வருஷம் ஆன பிறகு, அதில் பாடிக்கொண்டிருந்த நம்ம அண்ணன் தனி ஆல்பம் போடப் போகிறார். எட்டுப் பாட்டு, எட்டும் தமிழ். பாட்டெல்லாம் எழுதி முடித்துவிட்டார். யாரை வைத்துச் செய்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை, நம்மிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

முதலில் ஒன்று. வீட்டில் இதைச் சொன்னதும் அப்பா கேட்டது, "தயாரிப்பாளர் எவ்வளவு போடுகிறார்?" சினிமாவில் அந்த வார்த்தைக்குப் பணம் போடுகிறவர் என்று அர்த்தம். இங்கே புரொட்யூசர் என்றால் அது இல்லை. எந்தச் சுருதியில் பாட வேண்டும், இரண்டாவது சரணம் தேவையா, டிரம்ஸ் எப்போது உள்ளே வரலாம், பத்து டேக்கில், அதாவது பத்துத் தடவை பாடிப் பதிவு செய்ததில், எதை வைத்துக்கொள்வது என்று கூடவே உட்கார்ந்து முடிவெடுக்கிற ஆளைச் சொல்கிறேன். பணம் அண்ணனே போடுகிறார், அதனால் தப்பான ஆளிடம் போய் மாட்டினால் திரும்ப எடுக்கக் கையில் காசு இருக்காது.

மூன்று பேர் பேச்சில் இருக்கிறார்கள். ஒருவர் சென்னையில் சினிமாப் பின்னணி இசைக்கு புரோகிராமிங் செய்கிறவர், அதாவது கம்ப்யூட்டரில் இசை கோர்க்கிறவர், அவராகவே கேட்டிருக்கிறார். இன்னொருவர் பெங்களூரில் மெட்டல் என்கிற அதிரடி ராக் பாண்டுகளுக்குச் செய்கிறவர். மூன்றாவது, பாண்டின் பழைய கிடாரிஸ்ட், அருவங்காட்டில் இருக்கிறார், இதுவரை யாருக்கும் ஆல்பம் செய்ததில்லை.

அண்ணன் போனில் பதிவு செய்த மூன்று பாட்டு என்னிடம் இருக்கிறது. இரண்டாவது பாட்டை மட்டும் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். தகரக் கூரைக்குக் கீழே பாடியது. பாதியில் மழை வலுக்கிறது, அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு "இரு, போகட்டும்" என்கிறார், கிடார் மட்டும் ஒரே கம்பியில் ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு மழை தணியத் தணிய முதலில் பாடியதைவிடக் கீழே, ஏறக்குறைய பேசுகிற குரலில் மறுபடி ஆரம்பிக்கிறார். பாண்டில் பதினொரு வருஷம் பாடியதில் இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. இதைக் கெடுக்காத ஆள் யார் என்பதுதான் என் கேள்வி.

குன்னூர் டிஸ்டார்ஷன்

கிடாரிஸ்ட்தான். யோசிக்கவே வேண்டாம்.

புரூஸ் டிக்கின்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் பாண்டின் பாடகர். 1993-ல் அதை விட்டு வெளியே வந்த பிறகு மனுஷன் என்னென்னவோ செய்து பார்த்தார். 1994 ஆல்பத்தில் ராய் ஸீ கிடார் வாசித்தார், பாட்டும் சேர்ந்து எழுதினார், ஆனால் புரொட்யூசர் வேறு ஆள். 1996-ல் ஜாக் என்டினோவிடம் போனார், நிர்வாணா என்ற ராக் பாண்டின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தவர். நல்ல ஆள்தான், அந்த ஆல்பத்தை இன்றைக்கும் கேட்பேன், ஆனால் அது டிக்கின்சனுடைய குரலுக்குத் தைத்த சட்டை இல்லை. 1997-ல் ராய் ஸீயே புரொட்யூசர் ஆனதும்தான் அந்தக் குரல் திறந்துகொண்டது. அதற்கு அடுத்த வருஷத்தது அதைவிடப் பெரியது. 2024-ல் வந்த ஆல்பம் வரைக்கும் அதே ராய் ஸீதான். கூட உட்கார்ந்து பாட்டு எழுதுகிற கிடாரிஸ்ட்டுக்கு, பாடகன் எந்த இடத்தில் பயப்படுகிறான் என்று தெரியும். அது வெளியாளுக்கு ஆறு மாசம் ஆனாலும் தெரியாது.

பெங்களூர்க்காரர் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவர் செய்கிற எல்லா பாண்டுக்கும் டிரம்ஸ் ஒரே மாதிரி கேட்கிறது. கிக் டிரம் டைப்ரைட்டர் மாதிரி. அண்ணனின் பாட்டுக்கு அது ஆகாது.

கொடை மழை

நான் சென்னைக்காரர் பக்கம். எல்லாரும் திட்டுவீர்கள், பரவாயில்லை.

தெரிந்த ஆள், நம்ம ஆள் என்றே போனால் அண்ணன் ஏற்கெனவே செய்ததையே இன்னொரு தடவை செய்வார். பதினொரு வருஷம் சேர்ந்து வாசித்த இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்தால் பாண்டின் ஐந்தாவது ஆல்பம்தான் வரும். தனி ஆல்பம் எதற்கு? பாடகன் தன் வேலியைத் தாண்டிப் பார்க்கத்தானே? எழுபத்தொரு வயது மெட்டல் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் 2020-ல் முப்பது வயதுகூட ஆகாத புரொட்யூசர் ஆண்ட்ரூ வாட்டிடம் போனார். ராபர்ட் பிளான்ட் 2007-ல் டி போன் பர்னெட் என்ற புரொட்யூசரிடம் போய், பாடகி அலிசன் கிராஸோடு மெதுவாகப் பாடினார். லெட் ஸெப்பலின் என்ற ராக் பாண்டில் கூரை பிய்த்துக்கொண்டு பாடிய ஆள் அவர். 2009 கிராமி விருதுகளில் வருஷத்தின் சிறந்த ஆல்பம் அதுதான். அந்தப் பழைய பாண்டின் கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜ் கூடவே இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

இன்னொன்று. இங்கே கொடையில் எத்தனை நல்ல பாடகர்கள் ஏரி முக்கில் இரண்டு ஹோட்டலுக்கு வாசித்தே நரைத்துப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். மலையிலேயே பதிவு செய்து மலையிலேயே வெளியிட்டு நாமே கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் போதாது. சென்னைக்காரர் கை பட்டால் நாலு பேர் காதில் விழும்.

குன்னூர் டிஸ்டார்ஷன்

கிரிஸ் கார்னெல், டிம்பலாண்ட், 2009. இவ்வளவுதான் என் பதில்.

கொடை மழை

அதைத்தான் எல்லாரும் சொல்கிறீர்கள். முழுசாகக் கேட்டீர்களா நண்பா? சவுண்ட்கார்டன் என்ற ராக் பாண்டின் பாடகர் கார்னெல், டிம்பலாண்ட் என்ற ஹிப்ஹாப் புரொட்யூசரோடு போனார் என்றதும் ராக் ரசிகர்கள் கேட்காமலேயே தூக்கிப் போட்டார்கள். அவர் தைரியமாக ஒன்றைச் செய்து பார்த்தார், அதை நான் மதிக்கிறேன்.

குன்னூர் டிஸ்டார்ஷன்

முழுசாக, ஹெட்போனில், இரண்டு தடவை கேட்டேன். தைரியத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் உலகத்திலேயே அந்தக் குரல் ஒன்றுதான் இருந்தது, அதை எடுத்து மெஷின் தாளத்துக்கு நடுவில் சொருகி வைத்தார்கள். 1999-ல் முதல் தனி ஆல்பத்தை அலன் யொஹானஸ், நடாஷா ஷ்னைடர் தம்பதியோடு செய்தார். இரண்டு பேரும் அவருக்கு நண்பர்கள், கூடவே வாசித்தவர்கள். அதில் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். 2007-ல் ஸ்டீவ் லில்லிவொயிட், பெரிய பெயர், ஆனால் மனதில் நிற்கவில்லை. கடைசியில் 2015-ல் பிரெண்டன் ஓ'பிரையனிடம் போனார், சவுண்ட்கார்டனின் 1994 ஆல்பத்தை மிக்ஸ் செய்த, அதாவது தனித்தனிப் பதிவுகளை அளவாகக் கலந்து கொடுத்த, அதே ஆள். கிடாரும் குரலும்தான் முன்னால். சுற்றிவிட்டு எங்கே வந்து நின்றார் பார்த்தீர்களா? குரலைத் தெரிந்த ஆளிடம்.

கூடலூர் மிக்ஸர்

பதினாறு வருஷமாக மைக் பிடிக்கிறேன், கச்சேரி, சர்ச், கட்சிக் கூட்டம் எல்லாம். யார் என்பதை நீங்கள் பேசுங்கள், எப்போது, எங்கே என்பதை நான் சொல்கிறேன். அதில் தப்பினால் எந்த புரொட்யூசர் வந்தாலும் பிரயோஜனம் இல்லை.

தம்பி, முதலில் அந்த மழைப் பதிவு. சத்தத்தை சாஃப்ட்வேரில் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஃபேன் சத்தம் ஒரே சீராக இருக்கும், ஓரளவு எடுக்கலாம். தகரத்தில் விழுகிற மழை கூடும், குறையும், கீழே இருந்து மேலே வரை எல்லா அலைவரிசையிலும் பரவி நிற்கும். அதை எடுக்கப் போனால் ச, ஸ, ஷ எல்லாம் கூடவே போய், பாட்டு தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். வைத்தால் மழையோடு வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் வைக்கலாம்.

காலம்: எங்கள் கூடலூர்ப் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மழை விடாது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர். ஏப்ரல், மே சீசனில் ஹாரன் சத்தம். அதனால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடித்துவிட வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் ஸ்டுடியோவில் வைக்கிற நுணுக்கமான கண்டென்ஸர் மைக்கில் பட் பட்டென்று சத்தம் வெடிக்கும், நல்ல டேக் போகும்போதுதான் வெடிக்கும். டைனமிக் மைக்குக்கு அந்தத் தொல்லை குறைவு. அந்த வகையில் ஷ்யூர் எஸ்எம்7 போதும், 1982-ல் மைக்கேல் ஜாக்சன் குரலைப் பதிவு செய்தது அதில்தான். கிடாரை மலைக்குக் கீழே இருந்து கொண்டுவந்தால் இரண்டு நாள் கேஸிலேயே இருக்கட்டும், கழுத்து வளைந்துகொடுத்த பிறகு சுருதி சேர்த்தால் நிற்கும்.

கூரைக்கு உள்பக்கம் பழைய ஜமுக்காளம் கட்டுங்கள். பாதி எதிரொலி அதிலேயே போய்விடும்.

ஊட்டி 643001

நம்ம நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் கொள் குழல், தபட்க் மேளம் எல்லாம் சேர்த்தால் நீலகிரி வாசனை வருமே? யாரும் சொல்லவில்லை.

கோத்தகிரி பேஸ்

வாசனைக்காகச் சேர்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஏழு கோத்தர் ஊர்களிலும் அந்த இசைக்கு இடம் உண்டு. தெய்வத்துக்கு வாசிக்கிற மெட்டு வேறு, சாவுக்கு வாசிக்கிற மெட்டு வேறு. புரோகிராமர் ஒருவர் எங்கிருந்தோ இரண்டு செகண்ட் வெட்டி எடுத்து இண்ட்ரோவில் போட்டால், அது எந்த மெட்டு என்று அவருக்குத் தெரியுமா? வாசிக்கிறவர்களிடம் போய், உட்கார்ந்து, கேட்டு, அவர்களுக்குச் சம்மதம் என்றால் பேரும் பணமும் கொடுத்துச் செய்யலாம். அதற்கு நாள் ஆகும். இந்த எட்டுப் பாட்டுக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. அவியல் என்ற கேரள பாண்டு 2008-ல் மலையாளத்தில் ராக் செய்தபோது பாஷையே மண்ணைக் காட்டியது. அண்ணன் பேசுகிற தமிழே போதும்.

சிம்ஸ் பார்க் அக்கா

எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள், ஆனால் உங்கள் அண்ணன் பாடுவதை யாருமே பேசவில்லை. அவன் பன்னிரண்டு வயதில் என் கொயரில் பாடினான், அந்த உரிமையில் சொல்கிறேன்.

அவன் மேலே போகும்போது கழுத்து நரம்பு தெரியும், சுருதி ஒரு இழை ஏறிவிடும். பாண்டில் டிரம்ஸ் சத்தத்தில் அது தெரியாது, கூட்டமும் கைதட்டிவிடும். அதனால் கத்துவதுதான் தன் பலம் என்று நினைத்துக்கொண்டான். அவன் பலம் கீழே இருக்கிறது. வரியின் கடைசி வார்த்தைக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டு, அந்த வார்த்தையைத் தள்ளாமல் கீழே வைப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த மழைப் பாட்டில் மழை அவனை நிறுத்தியது, அதனால்தான் கீழே வந்தான். அப்படி நிறுத்துகிற ஆள் வேண்டும்.

புரொட்யூசர் ரிக் ரூபின் 1994-ல் அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷுக்குச் செய்தது அதைத்தான். கேஷுக்கு அப்போது 62 வயது, ரூபின் அதுவரை ராப், மெட்டல் என்று செய்தவர். புதிதாக எதையும் சேர்க்கவில்லை, தன் வீட்டு ஹாலில் உட்காரவைத்து, ஒரு குரல், ஒரு கிடார், மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். கொடைத் தம்பி சொல்கிற மாதிரி அவர் வெளியாள்தான். குன்னூர்த் தம்பி சொல்கிற மாதிரி குரலைக் கேட்டவரும்தான். நண்பனா அந்நியனா என்பதில் ஒன்றும் இல்லை. "இது சரியில்லை, இன்னொரு தடவை" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இருக்கிறதா, அதைக் கேட்டு விசாரியுங்கள்.

மூன்று பேரிடமும் அந்த ஒரே பாட்டைக் கொடுங்கள். ஒரு வாரம். என்ன செய்து அனுப்புகிறார்கள் என்று பாருங்கள்.

கேத்தி ரயிலடி

அக்கா, நீங்கள் சொன்னபடியே செய்தோம், மூன்று வாரம் ஆகிவிட்டது.

பெங்களூர்க்காரர் நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார், மரியாதையாகவே சொன்னார். சென்னைக்காரர் நான்கே நாளில் அனுப்பினார். கேட்க அவ்வளவு சுத்தமாக இருக்கிறது, வயலின் எல்லாம் சேர்த்திருக்கிறார், முதல் தடவை எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அண்ணன் நிறுத்தின இடத்தை வெட்டிவிட்டார். "இரு, போகட்டும்" இல்லை. மழைக்கு முன்னால் பாடியதையும் பின்னால் பாடியதையும் ஒட்டி, கீழே இறங்கின குரலை சுருதி மாற்றி மேலே தூக்கியிருக்கிறார்.

கிடாரிஸ்ட் எதையும் அனுப்பவில்லை. நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், முதல் பாதியைத் தூக்கிப் போடு, மழைக்குப் பிறகு வருகிற சுருதியிலேயே முழுப் பாட்டையும் பாடு என்றிருக்கிறார். அண்ணனுக்குக் கோபம், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அண்ணனே போன் செய்து, முதல் சரணத்தையும் எடுத்துவிடலாமா என்று கேட்டாராம்.

கொடை மழை

அண்ணன் போனில் பாடியதையும் சென்னைக்காரர் செய்ததையும் கேட்டேன், அனுப்பியதற்கு நன்றி. வயலின் எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது, அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்தை வெட்டியிருக்கக் கூடாது. சரி, கிடாரிஸ்டே செய்யட்டும். மிக்ஸையாவது வெளியே கொடுங்கள், வெளிக் காது ஒன்று வேண்டும்.

கேத்தி ரயிலடி

அதற்கு அண்ணன் சம்மதித்துவிட்டார். ஜனவரி இரண்டாவது வாரம், அருவங்காட்டில் ஆரம்பம். மிக்ஸர் அண்ணா, உங்கள் எஸ்எம்7-ஐ பத்து நாளைக்கு வாடகைக்குத் தருவீர்களா?

கூடலூர் மிக்ஸர்

வாடகை வேண்டாம் தம்பி. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். ஜமுக்காளம் எத்தனை இருக்கிறது என்று மட்டும் எண்ணிச் சொல்.