கலைச்சொல் தேவை: மலையிறக்கத்தில் தொடை செய்யும் வேலைக்கு

வணக்கம்.

யானைமலையிலும் சமணர் மலையிலும் பழகிவிட்டுக் கொடைக்கானல் மலைப் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கான பயிற்சிக் குறிப்பு ஒன்று தயாராகிறது. 'எக்சென்ட்ரிக் கன்ட்ராக்‌ஷன்' என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை விறைப்பை விடாமல் நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் சொல் வேண்டும். 'எக்சென்ட்ரிக்' என்பதற்கு விசித்திரம் என்ற பொருளும் உண்டு, ஆனால் 'விசித்திரச் சுருக்கம்' என்றால் சிரிப்பார்கள். 'மையவிலகு சுருக்கம்' வேர்ச்சொல்லுக்குச் சரி, ஆனால் பள்ளி இயற்பியலின் மையவிலக்கு விசையோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

என் பரிந்துரை: பிடித்துவிடுதல். கிணற்றுக்குள் வாளியை இறக்கும்போது கயிற்றைப் பிடித்துப் பிடித்து விடுகிறோமே, தசை செய்வதும் அதுதான்.

-----

> பிடித்துவிடுதல்

உவமை அருமை, சொல் ஆகாது. நம்மூரில் 'காலைப் பிடித்துவிடு' என்றால் அமுக்கிவிடுவது. தொடை கடுக்க இறங்கி வந்தவர் அதைத்தான் கேட்பார்!

'தாங்குநீட்சி' எப்படி? வினைத்தொகை, சுருக்கமாகவும் இருக்கிறது. எது வைத்தாலும் 'சுருக்கம்' மட்டும் வேண்டாம். நீளுகிற தசையைச் சுருங்குகிறது என்பது ஆங்கிலச் சொல்லிலேயே உள்ள கோளாறு, அதை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

-----

> தாங்குநீட்சி

'நீட்சி' ஏற்கெனவே ஸ்ட்ரெச்சிங்குக்குப் போய்விட்டது. 'தாங்குநீட்சி, வாரம் 2 நாள்' என்று படிப்பவர் சுவரில் காலை நீட்டி நின்றுவிட்டு மலைக்குக் கிளம்பிவிடுவார். சொல் பயிற்சியைக் காட்ட வேண்டும். பயிற்சி இதுதான்:

15–20 செ.மீ. உயரப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலின் குதிகால் தரையைத் தொடும்வரை 3–4 விநாடி எடுத்து இறங்க வேண்டும். திரும்ப ஏற இரண்டு காலையும் பயன்படுத்தலாம், ஏற்றம் இங்கே கணக்கில்லை. காலுக்கு 8 முறை, 3 சுற்று, வாரம் 2 நாள். முதல் 2 வாரம் வெறும் உடம்பு. பிறகு பையில் 2 லிட்டர் தண்ணீர், அதாவது 2 கிலோ. அடுத்தடுத்த வாரம் ஒவ்வொரு லிட்டராகக் கூட்டலாம்.

கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, முட்டி பெருவிரல் பக்கமாக உள்ளே சாய்வது. இடுப்பின் பக்கத் தசை தளர்ந்திருந்தால் அப்படி ஆகும், படியின் உயரத்தைக் குறைக்க வேண்டும். மற்றது, கடைசி இரண்டு விரற்கடையில் குதிகால் 'தொப்' என்று விழுவது. தசை பிடியை விட்ட இடம் அது. மலையில் முட்டிக்கு அடி விழுவதும் அந்த இடத்தில்தான்.

வலி அன்றே வராது, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். ஒருமுறை இப்படிக் கடுத்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவு கடுக்காது. ஆகவே கடைசிக் கடும் பயிற்சியைப் பயணத்துக்கு 7–10 நாள் முன்பே முடித்துவிட வேண்டும். அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை வரை நடந்து ஏறிவிட்டு வண்டியில் இறங்குகிறவர்கள் பயிற்சியின் இந்த இறங்கும் பாதியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நான் சொல்வது 'தாங்கிறக்கம்'. தாங்கு + இறக்கம், குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது.

-----

> தாங்கிறக்கம்

இடுப்புக் குடத்தை மெல்லத் தரையில் வைக்கும் கைக்கும் பொருந்துகிறது. ஓட்டத்துக்குப் பொருந்தவில்லை: கால் முன்னால் வீசும்போது பின்தொடை நீண்டுகொண்டே அதைப் பிடித்து நிறுத்துகிறது, அங்கே எதுவும் இறங்கவில்லையே. உடலியங்கியல் பாடத்துக்கு 'தாங்குநீள்வு' என்று வைத்துக்கொள்ளலாம். மலைக் குறிப்புக்குத் தாங்கிறக்கமே போதும்.

சுவரில் ஒட்டும் தாளுக்கான வரி இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

'தாங்கிறக்கம்: காலுக்கு 8 முறை, 3 சுற்று. தொப் என்று சத்தம் கேட்டால் அந்த முறை கணக்கில் சேராது.'