மே மாதத்தில் பூத்த ஐரிஸ் இலையுதிர்காலத்தில் மீண்டும் பூக்கவில்லை: உதவி தேவை

கேள்வி (நியூ ஜெர்சி, எடிசன் அருகில்)

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுக்கு இருமுறை பூக்கும் என்று சொல்லி விற்கப்படும் தாடி ஐரிஸ் (கீழிதழ்களில் தாடி போன்ற மயிர்க்கற்றை உள்ள, கிழங்கிலிருந்து வளரும் பூச்செடி) ரகங்களை எங்கள் வீட்டு முன்புறப் பாத்தியில் வளர்த்து வருகிறேன். 'இம்மார்ட்டாலிட்டி' என்ற வெள்ளை ரகமும் 'ஃபீட் பேக்' என்ற ஊதா ரகமும் சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் அஞ்சல் வழியாக வாங்கி நட்டவை. அவற்றுக்கு அருகில், பக்கத்து வீட்டு அம்மையார் தம் தோட்டத்திலிருந்து பிரித்துக் கொடுத்த, பெயர் தெரியாத இளஞ்சிவப்பு ஐரிஸ் ஒன்றும் இருக்கிறது.

மூன்றும் மே மாத இறுதியில் நன்றாகப் பூக்கின்றன. ஆனால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் எதிலும் பூந்தண்டு எழுவதில்லை. பாத்தி தெற்குப் பார்த்தது. பிற்பகல் இரண்டு மணி வரை நேரடி வெயில் விழுகிறது. மண் இந்தப் பகுதிக்கே உரிய சிவந்த களிமண். ஐரிஸ் கோடையில் காய்ந்து கிடப்பதே நல்லது என்று படித்ததால், ஜூன் தொடங்கியதும் தண்ணீர் விடுவதை நிறுத்திவிடுவேன். களை வராமல் இருக்க மரச்சீவல் மூடாக்குப் போட்டிருக்கிறோம். புல்வெளிக்கு உரம் இடுபவர்கள் அதே உரத்தை இந்தப் பாத்தியிலும் தூவிவிட்டுப் போகிறார்கள். இப்போது இரண்டு கிழங்குகள் சற்று மெத்தென்று இருப்பதுபோலத் தெரிகிறது. இந்த ஆண்டாவது இரண்டாம் முறை பூக்க வைக்க, இந்த ஜூன் மாதத்திலிருந்தே நான் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி (நியூ ஜெர்சி, சாமர்செட் கவுண்டி)

வணக்கம் அம்மா. சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். அக்டோபரில் பூ வருமா வராதா என்பது ஜூன், ஜூலை மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் இந்தச் செடி பூக்கும் முறையைப் புரிந்துகொள்வது அவசியம். குலை தள்ளிய வாழை மீண்டும் குலை தள்ளாதது போலவே, மே மாதத்தில் பூத்த ஐரிஸ் கிழங்கு இனி ஒருபோதும் பூக்காது; அதன் இரு பக்கங்களிலும் கிளைக்கும் கன்றுகள்தான் அடுத்துப் பூக்க வேண்டியவை. சாதாரண ஐரிஸ் ரகங்களில் அந்தக் கன்றுகள் கோடையில் ஏறத்தாழ ஓய்ந்து கிடந்து, குளிர்காலத்தைக் கடந்த பிறகு, அடுத்த வசந்தத்தில் பூக்கும். மறுபூப்பு ரகங்களிலோ, கன்றுகள் கோடையிலும் வளர்ச்சியை நிறுத்தாமல் பருத்து, அதே ஆண்டின் இலையுதிர்காலத்திலேயே பூக்கும் அளவுக்கு முதிர்ந்துவிடுகின்றன. வளர வேண்டிய அந்த மாதங்களில் தண்ணீர் கிடைக்காவிட்டால் கன்றுகள் தேங்கிவிடும். எனவே, கோடையில் காயவிட வேண்டும் என்று நீங்கள் படித்தது ஒருமுறை பூக்கும் ரகங்களுக்குச் சரியான அறிவுரை. 'இம்மார்ட்டாலிட்டி'க்கும் 'ஃபீட் பேக்'குக்கும் அது பொருந்தாது. மழையையும் சேர்த்து வாரத்துக்கு ஓர் அங்குலம் தண்ணீர் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் சிறிது தெளிப்பதைவிட, வாரத்துக்கு ஒருமுறை ஆழமாக நனைத்து, அடுத்த முறைக்குள் மேல்மண் காய விடுவது நல்லது.

அடுத்தது உரம். புல்வெளி உரத்தில் தழைச்சத்து மிகுதி. அது இலையை உயரமாக வளர்க்கும். கிழங்கின் சதையை இளக்கி, அழுகலுக்கும் வழிவிடும். உரம் தூவுபவர்களிடம் அந்தப் பாத்தியைத் தொட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தழைச்சத்து குறைந்த 5-10-10 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விழுக்காடு) போன்ற கலவையை வசந்தத் தொடக்கத்தில் ஒருமுறையும், மே மாதப் பூக்கள் முடிந்தவுடன் மறுமுறையும் சிறிதளவு இட்டால் போதும். கிழங்கின் மேல் படாமல், சுற்றிலும் மண்ணில் தூவ வேண்டும். அதற்கு முன் மண்ணைப் பரிசோதித்துக்கொள்வது சிறந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் அதைக் குறைந்த கட்டணத்தில் செய்து தருகிறார்கள். மண்ணின் அமிலத்தன்மை அளவு (pH) 6.5 முதல் 7 வரை இருந்தால் ஐரிஸுக்கு மிகவும் ஏற்றது.

மரச்சீவலை இன்றே கிழங்குகளிலிருந்து விலக்கிவிடுங்கள். தாடி ஐரிஸின் கிழங்கு தன் முதுகில் வெயில் பட வளர வேண்டியது. மூடாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்து அதை அழுகச் செய்யும்.

மறுமொழி (வர்ஜீனியா, ஆஷ்பர்ன்)

மேலே ஐயா சொன்ன பூக்கும் முறை முற்றிலும் சரி. ஆனால் ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பகுதியிலும் களிமண்தான். சமதளக் களிமண்ணில் நட்ட கிழங்குக்கு ஜூலை வெப்பத்தில் வாரந்தோறும் ஓர் அங்குலம் தண்ணீர் விட்டால், பூவுக்கு முன் அழுகல் வந்து சேரும். வடிகாலைச் சரிசெய்யாமல் தண்ணீரைக் கூட்டக் கூடாது. ஆறு அங்குல உயரமாவது உள்ள மேட்டுப்பாத்தி அமைத்து, நன்கு மக்கிய தொழு உரத்தைக் களிமண்ணோடு கலந்து, அதில் மாற்றி நடுவதே நிலையான தீர்வு என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மரச்சீவலை விலக்கிப் பார்த்தேன். மெத்தென்று இருந்த கிழங்குகளில் ஒன்று, கட்டைவிரலால் அழுத்தியதும் தோல் உடைந்து பழுப்பு நிறக் கூழாக வெளியே வந்தது; நாற்றம் தாங்க முடியவில்லை. மற்றொன்று வெளியே உறுதியாகத்தான் இருக்கிறது, ஆனால் இலையின் அடியிலிருந்து நடுப்பகுதி வரை நீர்க்கோத்தது போன்ற ஒரு கோடும், விளிம்பில் கடித்த தடங்களும் தெரிகின்றன. இவை இரண்டும் ஒரே நோயா? இப்போதே எல்லாவற்றையும் பிடுங்கி மேட்டுப்பாத்திக்கு மாற்றலாமா?

மறுமொழி (நியூ ஜெர்சி, சாமர்செட் கவுண்டி)

களிமண்ணைப் பற்றி ஆஷ்பர்ன் நண்பர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். வடிகால் முதலில், தண்ணீர் பிறகு என்பதே சரியான வரிசை.

நீங்கள் கண்டது இரண்டு வேறு சிக்கல்கள் அம்மா, ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. முதலாவது பாக்டீரியாவால் வரும் மென்னழுகல். அந்த நாற்றமே அதற்கு அடையாளம். இரண்டாவது பெரும்பாலும் ஐரிஸ் துளைப்பான் புழு. இதன் அந்துப்பூச்சி செப்டம்பர், அக்டோபரில் காய்ந்த ஐரிஸ் இலைகளில் முட்டையிடும். முட்டைகள் குளிர்காலம் முழுவதும் அங்கேயே இருந்து, ஏப்ரல், மே மாதங்களில் பொரிக்கும். ஊசிமுனை அளவிலான புழு இலைக்குள் புகுந்து, அதைத் தின்றுகொண்டே கீழிறங்கி, கோடையின் நடுவில் கிழங்கைக் குடைந்துவிடும். குடைந்த காயத்தின் வழியாகத்தான் அழுகல் பாக்டீரியா எளிதாக நுழைகிறது. நீர்க்கோத்த கோடு தெரியும் இலையை, கோட்டின் மேற்புறத்திலிருந்து கீழாக இரு விரல்களுக்கு இடையில் அழுத்தி இழுங்கள்; புழு இன்னும் இலைக்குள் இருந்தால் அங்கேயே நசுங்கிவிடும். அது கிழங்குக்குள் இறங்கிவிட்டதாகத் தோன்றினால், கிழங்கைத் தோண்டி எடுத்துத் துளையைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அழுகிய கிழங்கில், கூழான பகுதி முழுவதையும் ஒரு பழைய கரண்டியால் சுரண்டி எடுங்கள். உள்ளே வெண்மையான, கெட்டியான சதை தென்படும் வரை சுரண்டத் தயங்க வேண்டாம். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற கலவையைக் காயத்தின் மேல் ஊற்றி, மண்ணால் மூடாமல் வெயிலில் சில நாள் உலர விடுங்கள். கரண்டியையும் கத்தியையும் அதே கலவையில் கழுவிய பிறகே அடுத்த செடியைத் தொட வேண்டும்.

மாற்றி நடுவதைப் பொறுத்தவரை, நோயுற்றவற்றை மட்டும் இப்போது எடுங்கள். நலமாக இருப்பவற்றை இந்த வாரம் பிடுங்கினால் இந்த ஆண்டின் கன்றுகளும் போய்விடும். அவற்றைச் சுற்றி மண்ணை ஒதுக்கி, தண்ணீர் வடிந்தோட ஒரு வாய்க்கால் அமைத்து, கிழங்கின் மேற்பகுதி தெரியும்படி விட்டு, அளவாக நீர் பாய்ச்சுங்கள். நெருங்கிப் போன குத்துகளை மட்டும் ஜூலை இறுதிக்கும் செப்டம்பர் தொடக்கத்துக்கும் இடையில் பிரிக்கலாம். அப்போது பூத்து முடிந்த தாய்க்கிழங்கை விலக்கிவிட்டு, உறுதியான கன்றுகளை எடுத்து, இலைகளை ஆறு அங்குலத்துக்கு வெட்டி, ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். மறுபூப்பு ரகங்கள் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகுவதால், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரிப்பது அவசியம். பிரித்து நட்ட செடி முதல் இலையுதிர்காலத்தில் பூக்காமல் போகலாம். அது நிலைகொள்ள ஓராண்டோ இரண்டாண்டோ ஆவது இயல்பு. நீங்கள் நட்டவை இப்போதுதான் அந்த வயதை எட்டுகின்றன என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

மறுமொழி (கனடா, ஸ்காபரோ)

வணக்கம் அக்கா. ரொறன்ரோவில் எங்களுக்கு இருக்கும் பெரிய சிக்கல் உறைபனிதான். பூந்தண்டு எழுந்து, மொட்டுகள் பருத்திருக்கும் வேளையில் ஓர் இரவுப் பனி எல்லாவற்றையும் கருக்கிவிடும். உங்கள் பகுதியில் எங்களைவிடச் சற்றுத் தாமதமாகவே பனி வரும் என்றாலும், அக்டோபரில் இதற்கு ஆயத்தமாக இருங்கள். லேசான பனி என்றால் ஒரு பழைய போர்வையால் இரவில் மூடலாம். கடும் உறைபனி வரும் என்று வானிலை அறிவிப்பு சொன்னால், நிறம் காட்டத் தொடங்கிய மொட்டுள்ள தண்டுகளை மாலையிலேயே வெட்டி, வீட்டுக்குள் தண்ணீரில் வையுங்கள். மொட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளேயே விரியும். நவம்பரில் சாப்பாட்டு மேசையில் ஐரிஸ் விரிவதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே நான் இந்த ரகங்களை விடாமல் வளர்க்கிறேன்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் குட்டை ரகங்களையும் எண்ணிப் பாருங்கள். எட்டு முதல் பதினாறு அங்குலம் வரை வளரும் குட்டை ஐரிஸ்கள் வசந்தத்தில் முன்னதாகவே பூத்துவிடுவதால், கன்றுகள் முதிர்வதற்கு அவற்றுக்குக் கூடுதல் காலம் கிடைக்கிறது. ஒன்ராறியோவின் குவெல்ஃப் நகரில் சக் சாப்மன் உருவாக்கிய 'ஃபாரெவர் புளூ' அத்தகையது. லாயிட் ஸர்பிரிக்கின் மஞ்சள் நிற 'பேபி பிளெஸ்ட்' இன்னொன்று.

மறுமொழி (வர்ஜீனியா, ஆஷ்பர்ன்)

ரகத் தேர்வு பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். விற்பனைப் பட்டியலில் மறுபூப்பு என்று போட்டிருப்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் உறுதிமொழி அல்ல. குளிர்காலம் மிதமான கலிஃபோர்னியாவில் பல மாதங்கள் பூக்கும் ரகம், வடகிழக்கு மாநிலங்களில் மே மாதத்தோடு நின்றுவிடக்கூடும். ஆகவே அந்த ரகம் எந்தத் தட்பவெப்பத்தில் உருவாக்கப்பட்டது, உங்களைப் போன்ற குளிர்ப்பகுதியில் பூத்திருக்கிறதா என்பதை விசாரித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

உங்களிடம் இருப்பவை இரண்டுமே நல்ல தேர்வுகள். அவற்றை உருவாக்கிய ஸர்பிரிக், கனடாவில் பிறந்து, எங்கள் மாநிலத்தின் ராட்ஃபோர்டில் இசைப் பேராசிரியராக இருந்தவர். 'இம்மார்ட்டாலிட்டி' 1982இல் பதிவு செய்யப்பட்டது. குளிர்ப்பகுதிகளில் நம்பத்தக்க மறுபூப்பு ரகம் என்று கேட்டால் இன்றும் பலர் முதலில் சொல்வது அதைத்தான். அவருடைய இளநீல 'கிளாரன்ஸ்', மஞ்சள் 'ஹார்வெஸ்ட் ஆஃப் மெமரீஸ்' ஆகியவற்றையும், ஜேன் மெக்நியூவின் அடர் ஊதா 'ரோசலி ஃபிக்'கையும் சேர்க்கலாம். பூவை நேரில் பார்த்து முடிவு செய்ய விரும்பினால், மே மாத நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அப்பர் மாண்ட்கிளேரில் உள்ள பிரெஸ்பி நினைவு ஐரிஸ் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். 1927இல் தொடங்கப்பட்ட அந்தத் தோட்டம் உங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. பிடித்த ரகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, மறுபூப்பு உண்டா என்று பிறகு சரிபார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இலையை அழுத்தி இழுத்தபோது உள்ளே ஒரு சிறிய புழு நசுங்கியதை உணர முடிந்தது. வாய்க்காலும் வெட்டிவிட்டோம். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அந்த இளஞ்சிவப்பு ஐரிஸும் இதே கவனிப்பில் மீண்டும் பூக்குமா? மேலும், துளைப்பான் முட்டையிடும் அதே செப்டம்பர், அக்டோபரில்தான் பூந்தண்டும் வர வேண்டும் என்றால், இலைகளை எப்போது வெட்டுவது?

மறுமொழி (நியூ ஜெர்சி, சாமர்செட் கவுண்டி)

தாடி ஐரிஸ் ரகங்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூப்பவை. மறுபூப்பு என்பது அந்த ரகத்தின் மரபில் இருக்க வேண்டியது. கவனிப்பால் அதை உண்டாக்க முடியாது. பக்கத்து வீட்டு அம்மையாரிடம், அவர் தோட்டத்தில் அது இலையுதிர்காலத்தில் பூத்ததுண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், அதைத் தனியாக, தண்ணீர் குறைவாகப் பாயும் ஓரத்துக்கு ஆகஸ்டில் மாற்றிவிடுங்கள். இரண்டு வகைகளையும் ஒரே பாத்தியில் வைத்தால் கோடையில் ஏதாவது ஒன்று துன்பப்படும்.

பச்சை இலைகளைக் கோடையிலோ இலையுதிர்காலத் தொடக்கத்திலோ வெட்டவே கூடாது. கன்றுகளுக்கு உணவு அவற்றிலிருந்துதான் போகிறது. காய்ந்து பழுத்த வெளி இலைகளை மட்டும் அவ்வப்போது கையால் உரித்து எடுங்கள். கடும் உறைபனி இலைகளைச் சாய்த்த பிறகு, நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ, எல்லா இலைகளையும் தரையோடு ஒட்ட வெட்டி, பழைய பூந்தண்டுகளையும் சேர்த்துக் குப்பைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட வேண்டாம். முட்டைகள் அந்த இலைகளில்தான் ஒட்டியிருக்கும்.