இழை: வாய்க்குள் வைத்து ஊதும் இந்தச் சாமானுக்கு என்ன பெயர்? (வியாழன் காலை கெடு)

கோவையான், திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழ் வசன வரி எழுதிக்கொண்டிருக்கிறேன். டெக்சாஸில் ஒருவர் கொயோட்டிகளை (ஓநாய், நரி இனத்து அமெரிக்கக் காட்டு விலங்கு) ஒலி எழுப்பி வரவழைக்கக் கற்றுக்கொள்கிறார், அதுதான் படம். வியாழன் காலை பத்து மணிக்கு அனுப்பியாக வேண்டும். ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டேன்: 'மவுத் டயஃப்ரம் கால்'. பத்தொன்பது இடத்தில் வருகிறது.

பொருள் இதுதான். குதிரை லாட வடிவில் ஒரு சின்ன அலுமினியச் சட்டம். அதன் குறுக்கே மெல்லிய லேடெக்ஸ் ஏடு, ஒன்றோ இரண்டோ மூன்றோ, இழுத்துப் பிடித்திருக்கும். சுற்றிலும் பிளாஸ்திரி மாதிரி ஓரம். மேல்வாயில் ஒட்டவைத்து, நாக்கால் அழுத்தி மூச்சை விட்டால் சத்தம் வரும். கை இரண்டும் சும்மா இருக்கும், அதுதான் இதன் வசதி. வான்கோழி வேட்டைக்காரர்களிடமிருந்து கொயோட்டிக்காரர்களுக்கு வந்ததாம்.

இயந்திரம் போட்டுக்கொடுத்த வரைவில் 'வாய் உதரவிதான அழைப்பு' என்று இருக்கிறது. டயஃப்ரம் என்றால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையும்தான், அதை எடுத்துப் போட்டுவிட்டது. இன்னொரு வரியில் 'அவர் கொயோட்டிக்கு அழைப்பு விடுத்தார்'. பத்திரிகை அடித்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட மாதிரி.

வரிக்கு 42 எழுத்துதான் அனுமதி. அதுவும் கணினி எண்ணும் எழுத்து, நாம் எண்ணுவது அல்ல. கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. தயவுசெய்து குட்டையாகச் சொல்லுங்கள்.

புலவர், செவ்வாய் காலை

தம்பி, இதற்கு ஏன் இத்தனை கவலை? சொல் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது. வீளை.

அகநானூறு 274. மழைத்தூறலில் கோலை ஊன்றித் தனியே நிற்கும் இடையன் 'மடிவிடு வீளை' விடுகிறான். வாயை மடித்து விடும் சீழ்க்கை. கருவியும் மடிந்த நாக்கின் மேல்தானே அமர்கிறது? ஆகவே 'மடிவீளை'. நான்கே எழுத்து. கணினி எப்படி எண்ணினாலும் பத்தைத் தாண்டாது.

கொயோட்டி என்ற சொல்லையும் மாற்றலாம். அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிசும் கிளார்க்கும் 1804-இல் இதைப் 'புல்வெளி ஓநாய்' என்றுதான் குறித்தார்கள். 'புல்லோநாய்' என்றால் என்ன குறைந்துவிடும்?

யாழ்ப்பாணத்து ஆசிரியை, செவ்வாய் காலை

ஐயா, நீங்கள் காட்டிய பாட்டின் அடுத்த அடியையும் சொல்லிவிடுங்கோ. 'தெறிமறி பார்க்கும் குறுநரி வெரீஇ'. ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நரி அந்த வீளையைக் கேட்டுப் பயந்து முட்புதருக்குள் ஓடிவிடுகிறது. வீளை நரியைத் துரத்துகிற சத்தம். இவர் கேட்பது நரியினத்தைக் கூப்பிடுகிற சாமானுக்குப் பெயர். நேர் எதிர்.

இன்னொன்று. உதரவிதானம் உங்கள் பக்கத்துச் சொல். நாங்கள் இங்கே பள்ளிக்கூடத்தில் பிரிமென்றகடு என்றுதான் படிப்பிக்கிறோம். பிரி, மென், தகடு. 'வாய் மென்றகடு' என்று வைக்கலாமே.

கொங்குக்காரன், செவ்வாய் பகல்

டீச்சர், மென்றகடு என்று திரையில் ஓடினால், 'வாயில் எதை மென்றார்?' என்றுதான் எங்கள் ஊரில் கேட்பார்கள்.

யாழ்ப்பாணத்து ஆசிரியை, செவ்வாய் பகல்

அது புணர்ச்சி. னகரத்துக்குப் பின் தகரம் வந்தால் றகரமாகும், நன்னூலில் இருக்கிறது. ஓம், பிள்ளைகளும் ஒவ்வொரு வருசமும் இதே பகிடியைத்தான் விடுவினம். ஆனால் பார்த்தீர்களா, வாய்க்குள் வைக்கிற சாமானுக்கு அந்தப் பகிடியே பொருந்துது.

கொங்குக்காரன், செவ்வாய் பகல்

பூவரச இலையைச் சுருட்டி, நுனியைக் கடித்து நசுக்கி, பீப்பி ஊதாதவர் யாராவது இந்தக் குழுவில் உண்டா? பீப்பி. முடிந்தது. வாய்க்கு உள்ளே இருப்பதால் 'உள்பீப்பி', இல்லாவிட்டால், மேல்வாய்க்கு அண்ணம் என்று பெயர், 'அண்ணப்பீப்பி'.

புலவர், செவ்வாய் மாலை

அண்ணம் என்றதும் நினைவு வருகிறது. பிறப்பியலில் 'முதல்நா அண்ணம்', 'இடைநா அண்ணம்', 'நுனிநா அண்ணம்' என்று மூன்று இடம் வகுத்திருக்கிறார் தொல்காப்பியர். ககரம், சகரம், டகரம் முறையே. இந்தக் கருவி எந்த இடத்தில் அமர்கிறது? நடுநாக்கு மேலெழுந்து அண்ணத்தைத் தொட்டால் இது சகரத்தின் இடம். அப்படியானால் பெயரும் சகரத்தில் தொடங்குவதே முறை என்பது என் கருத்து.

கோவையான், செவ்வாய் இரவு

ஐயா, கெடுவுக்கு முப்பத்தாறு மணி நேரம்தான் இருக்கிறது.

அண்ணப்பீப்பி பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டில் படித்துக் காட்டினேன், 'எந்த அண்ணனோட பீப்பி?' என்றாள் மகள்.

டெக்சாஸ்வாசி, செவ்வாய் இரவு (இங்கே மத்தியானம்)

இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். இந்தச் சாமானை வாயில் வைத்தவன் இந்தக் குழுவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். ஆஸ்டினுக்கு மேற்கே மலைப்பாங்கான பகுதியில் இருக்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர், எழுபது வயது தாண்டியவர், போன குளிர்காலத்தில் கற்றுக்கொடுத்தார். அவர் துப்பாக்கி எடுப்பார், நான் கேமரா. (கேட்பவர்களுக்கு: டெக்சாஸில் கொயோட்டிக்கு வேட்டைத்தடைக் காலம் கிடையாது, உரிமம் மட்டும் வேண்டும்.)

முதல் மூன்று நாள் குமட்டல்தான். மேல்வாயின் பின்பக்கம் ஏதாவது பட்டாலே உடம்பு தூக்கிப் போடும். ஓரத்து டேப்பைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, என் வாய்க்கு ஏற்ற மாதிரி ஆக்கிக்கொண்டேன். லாடத்தின் திறந்த பக்கம் உதட்டைப் பார்த்து இருக்க வேண்டும். நான் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வெறும் காற்றை ஊதினேன், அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பாம்பு சீறுவது போல மூச்சை விடு என்றார். நாக்குக்கும் ரப்பருக்கும் நடுவே காற்று போக வேண்டும். விட்டுக்கொண்டே நாக்கை மெல்ல மேலே அழுத்தினால் சீறல் திடீரென்று ஓர் இடத்தில் ஒலியாக மாறும். அழுத்தம் கூடக்கூடச் சுருதி ஏறும். ஊளை என்றால் தாழ்வில் ஆரம்பித்து, ஏற்றி, பிடித்து நிறுத்தி, கடைசியில் வழிய விட வேண்டும். முயல் கதறல் வேறு: வா, வா என்று குறுகலாக, நடுநடுவே உடைந்து. குட்டி அலறுவது அதைவிட மேல் சுருதி.

அவர் ஓயாமல் சொன்ன ஒன்று: 'தொண்டையிலிருந்து ஊதாதே, டயஃப்ரத்திலிருந்து ஊது.' அதாவது டயஃப்ரத்தை ஊத டயஃப்ரம் வேண்டும்! அதனால் உதரவிதானம், பிரிமென்றகடு இரண்டையும் வயிற்றிலேயே விட்டுவிடுங்கள். படத்தில் இந்த வசனம் வந்தால் மொழிபெயர்ப்பு கந்தலாகிவிடும்.

ஓர் இடத்தில் பதினைந்து இருபது நிமிடம் உட்காருவோம். அது நேராக வராது. காற்று நம்மிடமிருந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும். மூன்றாவது வாரம் ஒன்று வந்து நின்றது. நான் வாயில் இருந்ததை விழுங்கப் பார்த்தேன், படம் எடுக்கவில்லை.

என்னைக் கேட்டால் இது ஓர் இசைக்கருவி. பெயரை அந்தப் பக்கம் தேடுங்கள். கொயோட்டியைக் கொயோட்டியாகவே விடுங்கள். மெக்சிகோவின் நாவாட்ல் மொழிச் சொல், ஸ்பானிஷ் வழியாக வந்தது. அதை மாற்ற நமக்கு என்ன உரிமை?

தஞ்சாவூர்க்காரி, புதன் அதிகாலை

இவர் சொன்னதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம். நாகஸ்வரக்காரர். கச்சேரிக்கு முன்னால் சீவாளியை மட்டும் தனியே வாயில் போட்டு ஊறவைத்து, ஊதிப் பார்ப்பார். வாத்தியம் இல்லாமல் சீவாளி மட்டும் கத்தும் பாருங்கள், தெருநாய் எல்லாம் பதில் சொல்லும்.

சீவாளி என்றால் தெரியாதவர்களுக்கு: காவிரிக்கரையில் வளரும் கொறுக்கை என்ற நாணலில் செய்வது. இரண்டு ஏடு, நடுவே காற்று, உதட்டின் அழுத்தம், ஈரம். லேடெக்ஸுக்குப் பதில் புல், அவ்வளவுதான் வித்தியாசம். ஏடுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இவர்கள் என்ன செய்கிறார்கள்? அப்பாவின் நாகஸ்வரத்தில் மாற்றுச் சீவாளியோடு தந்தத்தில் செய்த ஊசி ஒன்றும் தொங்கும், சீவாளியைச் சரிசெய்ய.

என் வாக்கு 'வாய்ச்சீவாளி'.

டெக்சாஸ்வாசி, புதன்

பல்குத்தும் குச்சியை ஏடுகளுக்கு நடுவே செருகி, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்கள்! அதே கதைதான் அம்மா. வாய்ச்சீவாளிக்கு என் ஆதரவு.

புலவர், புதன் காலை

சீவாளியின் வேரைப் பார்க்காமல் வாக்களிக்கக் கூடாது. சீவுதலால் சீவாளி என்பர் சிலர். 'ஜீவ' என்பதிலிருந்து வந்தது, வாத்தியத்துக்கு உயிர் தருவதால் என்பர் வேறு சிலர். பின்னதாயின் அது வடசொல். முன்னதாயின் 'ஆளி' என்ன விகுதி? முதலாளி, தொழிலாளி எல்லாம் உயர்திணை. அஃறிணைக்கு ஆளி வருமா? வங்காளி, கூட்டாளி, ஏமாளி, கோமாளி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஏமாளியில் உள்ள ஆளி

(விரிவாக மாலையில் எழுதுகிறேன். மின்சாரம் போய்விட்டது.)

கொங்குக்காரன், புதன் பகல்

மின்வாரியத்துக்கு நன்றி.

ஒரு குறுக்குச்சால். ராஜஸ்தானில் கட்புத்லி பொம்மலாட்டக்காரர்கள் வாய்க்குள் இதே மாதிரி ஒன்றை வைத்துக் கீச்சுக்குரலில் பேசுவார்கள். அதன் பெயர் 'போலி', பேச்சு என்று பொருள். நமக்கோ போலி என்றால் ஒன்றைப் போல இருப்பது. முயலைப் போலக் கதறுகிற சாமானுக்கு 'வாய்ப்போலி' எப்படி?

யாழ்ப்பாணத்து ஆசிரியை, புதன் பகல்

போலி என்றால் இப்ப எல்லாருக்கும் கள்ளச் சாமான்தான். போலி வைத்தியர், போலி நோட்டு. போலி டயஃப்ரம் விற்கிற ஆளைப் பற்றிய படம் என்று நினைப்பினம்.

சீவாளிக்கு எனக்கு எதிர்ப்பில்லை. ஒரு சிக்கல். சீவாளி என்றாலே ரீட், அதாவது ஊதினால் அதிர்கிற ஏடு. இந்தச் சாமானுக்குள்ளும் ரீட் இருக்கு, ஒன்று, இரண்டு, மூன்று என்று. 'மூன்று சீவாளி வாய்ச்சீவாளி' என்று எழுதுவீர்களோ?

தஞ்சாவூர்க்காரி, புதன் மாலை

உள்ளே இருப்பதை 'இதழ்' என்று வையுங்கள். மூவிதழ் வாய்ச்சீவாளி. இதழ் என்றால் உதடும்தான், ஆனால் 'மூவிதழ்' என்றதும் யாரும் உதட்டை எண்ண மாட்டார்கள்.

சென்னை மாணவர், புதன் மாலை

எல்லோருக்கும் ஒரு கேள்வி. ஒரு பிராணியை ஏமாற்றி வரவழைத்துச் சுடுவதற்கு நாம் ஏன் இவ்வளவு அழகான சொல் தேட வேண்டும்? 'டயஃப்ரம்' என்றே விடலாமே.

புலவர், புதன் இரவு

மின்சாரம் வந்தது. மாணவருக்கு என் பதில்: அழகான சொல்லிலேயே அந்த உறுத்தலும் இருக்கிறது. 'விளி' என்றால் கூப்பிடு. விளிவேற்றுமை தெரியும்தானே. மலையாளத்தில் இன்றும் அன்றாடச் சொல். அதே 'விளி' என்றால் இற, சாவு என்றும் பொருள். குறள் 143-இல் 'விளிந்தாரின் வேறல்லர்' என்றால் செத்தவர்களிலிருந்து வேறானவர் அல்லர் என்று அர்த்தம். கூப்பிடுவதும் சாவதும் ஒரே சொல். இந்தத் தொழிலுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எந்த மொழியிலும் கிடைக்காது. 'விளிசீவாளி' என்று வையுங்கள், சீவாளியை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

குட்டிக்குக் 'குருளை' என்று போடவும். நாய்க்குச் சொன்ன குருளை நரிக்கும் பொருந்தும் என்கிறது தொல்காப்பிய மரபியல், 'நரியும் அற்றே'.

சென்னை மாணவர், புதன் இரவு

விளி பற்றிச் சொன்னது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது ஐயா. எதிர்ப்பு எதிர்ப்புதான்.

கோவையான், வியாழன் காலை 9:40

அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் 'வாய்ச்சீவாளி', மற்ற பதினெட்டு இடத்தில் வெறும் 'சீவாளி'. வாய்ச்சீவாளி நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பன்னிரண்டு. ரீட் எல்லாம் இதழ். 'அழைப்பு' போய் 'கூப்பிடு' வந்துவிட்டது. விளிசீவாளியை ஒரு முறை தட்டச்சு செய்து பார்த்தேன், அடுத்த வரியில் அந்த ஆள் சிரித்துக்கொண்டே அதை வாயில் போடுகிறார், எடுத்துவிட்டேன். புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். குருளையும் இல்லை, குட்டிதான். டயஃப்ரத்திலிருந்து ஊதும் வசனம் வரவே வந்தது, 'அடிவயிற்றிலிருந்து ஊது' என்று போட்டேன்.

எல்லோருக்கும் நன்றி. தூங்கப் போகிறேன்.

கோவையான், சனி காலை

திருத்திய பிரதி வந்திருக்கிறது. சீவாளியில் கை வைக்கவில்லை. ஆனால் மேற்பார்வையாளர், பார்ப்பவர்களுக்குப் புரியாது என்று, கொயோட்டி வந்த இடமெல்லாம் 'குள்ளநரி' என்று மாற்றிவிட்டார்.

டெக்சாஸ்வாசி, சனி

ஐயோ.

புலவர், சனி மாலை

குள்ளநரியா? அப்படியானால் சத்தம் கேட்டதும் அது ஓடத்தான் வேண்டும், கிட்டே வரக் கூடாது. அகம் 274 பார்க்க. நான் செவ்வாய்க்கிழமையே வீளை என்று சொன்னேன்.