இரண்டு சுக்கில வருஷம், ஒரே பெயர்

நகரத்தார் அண்ணன்மார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாதம் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்காக ஊருக்குப் போயிருந்தேன். பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டில் எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, உரிய அறையை ஒழித்தபோது பெட்டகத்தின் அடியில் ஒரு துணி மூட்டை அகப்பட்டது. உள்ளே நாலாய் மடித்த காகிதம்: ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் பார்க்க, போனவருக்கு எழுதிய சம்பளச் சீட்டு. மூன்று வருஷக் கணக்கு, தமிழ் எண்ணில் தொகை, கீழே விலாசத்தோடு (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) பாட்டையா, அதாவது அப்பச்சியின் ஐயா, பெயர். சுக்கில வருஷம், கார்த்திகை மாதம்.

பாட்டையா ரங்கூனில் இருந்தவர்தானே, சுக்கிலம் என்றால் 1929, சரி என்று படம் எடுத்து அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அனுப்பியும்விட்டேன்.

தப்பு. அறுபது வருஷச் சுற்றில் அதே பெயர் திரும்ப வரும்; 1869-உம் சுக்கிலம்தான். நம் பக்கம் மூத்த பிள்ளைக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயரை வைப்பதால் எங்கள் வீட்டில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வருகின்றன. பாட்டையாவுக்கும் அவருடைய ஐயாவுக்கும் ஒரே பெயர். அந்த இருவரின் தகப்பனார் பெயரும் ஒன்றே, அதனால் விலாசத்திலும் வித்தியாசம் தெரியாது. அப்பத்தா மாமனார் பெயரை வாயால் சொன்னதே இல்லை, ‘பெரிய ஐயா’ என்பார். எந்தப் பெரிய ஐயா என்று நாங்களும் கேட்டதில்லை. இருவர் கதையும் ஒன்றாகக் கலந்துபோய்விட்டது.

நல்லவேளை, சீட்டில் தேதியோடு கிழமையும் இருந்தது. பஞ்சாங்கம் வைத்துப் பார்த்தால் 1929 ஒத்துவரவில்லை, 1869 அப்படியே பொருந்தியது. சூயஸ் கால்வாய் திறந்த அதே கார்த்திகை! பர்மா அரிசிக்கு ஐரோப்பா கிட்டே வந்து, காடு திருத்தி நெல் போடக் கடன் கேட்டு ஆட்கள் பெருகிய காலம் அப்புறம்தான் வந்தது. அதெல்லாம் தெரியாமலே பாட்டையாவின் ஐயா கப்பல் ஏறியிருக்கிறார்.

அதே மூட்டையில் அவருடைய இசைகுடிமான ஓலையும் (கல்யாண ஒப்பந்த ஓலை) இருக்கிறது. பூச்சி அரித்துவிட்டது. மாப்பிள்ளை வீடு மாத்தூர்க் கோயில் பிரிவு, பெண் வீடு நேமங்கோயில் பிரிவு, பெண்ணின் ஊர் கண்டனூர் என்பதுவரை படிக்க முடிகிறது. பெண்ணின் பெயர் வரும் இடத்தில் ஓட்டை. கடைசி ‘சி’ மட்டும் மிச்சம். மீனாட்சியா, விசாலாட்சியா, தெரியவில்லை.

இரு வீட்டாரும் எழுதி மாற்றிக்கொள்ளும் ஓலை என்பதால் இன்னொன்று கண்டனூரில் இருந்திருக்க வேண்டும். கண்டனூர் நேமங்கோயில்காரர்கள், அங்கே பெண் கொடுத்து எடுத்தவர்கள், ஊருக்குப் போகும்போது பெட்டகங்களைக் கொஞ்சம் பாருங்கள். சுருண்ட ஓலையை நிமிர்த்த வேண்டாம், ஒடிந்துவிடும்; அப்படியே படம் எடுத்தால் போதும். எங்கள் விலாசத்தைக் கேட்பவர்களுக்குத் தனி மடலில் அனுப்புகிறேன்.

அடுத்த படைப்பில் அந்த ஆச்சியின் பெயர் சொல்லிச் சேலை வைக்க வேண்டும் என்று ஆசை.